படிக்காத நாவலுக்குப் போட்ட மார்க்

அமெரிக்க இலக்கியம் நடத்தும் கல்லூரி ஆசிரியன் நான். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண் எழுத்தாளர்களைப் பற்றிப் பல வருடம் வகுப்பில் பேசியிருக்கிறேன். அப்போது அவர்கள் எழுதிய நாவல் ஒன்றைக்கூட நான் படித்திருக்கவில்லை.

என் மூலதனம் ஒரே ஒரு கடிதம். 1855 ஜனவரியில் லிவர்பூலில் அமெரிக்கக் கான்சலாக இருந்த நத்தானியல் ஹாத்தார்ன், பாஸ்டனில் இருந்த தன் பதிப்பாளர் டிக்னருக்கு எழுதியது. நாடே கிறுக்கித் தள்ளும் பெண்கள் கையில் போய்விட்டது, மரியா கம்மின்ஸின் 'லாம்ப்லைட்டர்' மாதிரிச் சரக்கெல்லாம் இப்படி விற்கும்போது தன் புத்தகம் எங்கே விலைபோகும் என்று அதில் பொருமியிருப்பார். கெட்ட வார்த்தையும் உண்டு. அதை உச்சரிப்போடு சொன்னால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். உடனே கரும்பலகையில் எழுதிப்போடுவேன்: அநாதைப் பெண், அழுகை, பைபிள், கடைசியில் கல்யாணம். அந்தப் பெண்கள் எழுதியதெல்லாம் இந்த அச்சில் வார்த்தவை, இதைத் தெரிந்துகொண்டால் போதும், அடுத்து 'மோபி டிக்' பார்க்கலாம் என்பேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் இப்படித்தான் சொன்னார்கள். அவர்களுக்குப் பின்னால் எஃப். ஓ. மாத்தீசன் 1941-இல் எழுதிய 'அமெரிக்கன் ரினெசன்ஸ்' இருந்தது. 1850-லிருந்து 1855-க்குள் ஓர் இலக்கியமே பிறந்துவிட்டது என்று காட்டும் பெரிய புத்தகம். எமர்சன், தோரோ, ஹாத்தார்ன், மெல்வில், விட்மன் என்று ஐந்து பேர் அதில் மையம், ஐவரும் ஆண்கள். ஆனால் பழியை மாத்தீசன் தலையில் போட்டுவிட்டு நான் நழுவ முடியாது. அவர் தாம் எந்தப் புத்தகங்களைப் பற்றி எழுதினாரோ, அவற்றைப் படித்துவிட்டு எழுதினார்.

ஒரு இன்டர்னல் தேர்வில், ஃபேனி ஃபெர்னின் 'ரூத் ஹால்' நாவலை எடுத்துக்காட்டி இல்லற நாவலின் இலக்கணத்தை விளக்கச் சொல்லிக் கேள்வி வைத்திருந்தேன். எல்லோரும் என் கரும்பலகையைத் திருப்பி எழுதியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும், ரூத் கடைசியில் மறுமணம் செய்துகொள்வதில்லை, அதனால் இந்த நாவல் அந்த இலக்கணத்துக்குள் அடங்காது என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் ஒரு சுழி, பக்கத்தில் கேள்விக்குறி, மார்க்கிலும் கை வைத்தேன். தாளை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"சார், கடைசியில கல்யாணம் இல்லையே?"

"சும்மா கைடு பார்த்து எழுதக் கூடாதும்மா. மூலத்தைப் படிக்கணும்."

"படிச்சேன் சார்."

எனக்கு அடுத்த வகுப்பு இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனேன். அந்த மணிக்கு எனக்கு வகுப்பே கிடையாது.

ரொம்ப நாள் கழித்து ஒரு கருத்தரங்குக் கட்டுரைக்காக 'ரூத் ஹால்' படிக்கவேண்டி வந்தது. கணவன் காய்ச்சலில் போய்விடுகிறான். ரூத்தின் கையில் இரண்டு சின்னப் பெண்கள். மாமனார் வீடும் பிறந்த வீடும் வசதியானவைதான். ஆனால் அவளுக்குச் செய்யவேண்டியதை யார் செய்வது என்று ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டே இருக்கிறார்கள். தையல் வேலைக்கு அலைகிறாள். பள்ளிக்கூட வேலைக்கு முயன்று தோற்கிறாள். கடைசியில் பத்திரிகைக்கு எழுத முடிவுசெய்து, பெரிய பத்திரிகாசிரியனான அண்ணனுக்குத் தன் எழுத்தை அனுப்புகிறாள். உனக்குத் திறமை இல்லை, கண்ணில் படாத வேறு வேலை ஏதாவது பார் என்று பதில் வருகிறது. புத்தகம் போட ஒரு பதிப்பாளர் வரும்போது, மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு உரிமையை விட்டுவிடலாமா, விற்கும் பிரதிக்கு இவ்வளவு என்று வாங்கலாமா என்று யோசிக்கிறாள். அன்றைக்கு அவளுக்கு வேண்டியது கைநிறையப் பணம். ஆனாலும் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறாள். அந்த யோசனை நாவலில் வருகிற எந்தக் காதல் பேச்சையும்விட எனக்கு விறுவிறுப்பாக இருந்தது. முடிவை ஒட்டி அவளுக்கு மாப்பிள்ளை வரவில்லை, வங்கிப் பங்குகள் வருகின்றன. நூறு பங்குக்கான பத்திரத்தை அப்படியே படமாக நாவலுக்குள் அச்சடித்திருக்கிறார்கள். நான் கல்யாணம் என்று நடத்திய இடத்தில் இருந்தது ஷேர் சர்டிபிகேட்.

ஃபேனி ஃபெர்ன் என்பது புனைபெயர். சாரா வில்லிஸ் என்ற அந்தப் பெண்ணின் அண்ணன், நியூயார்க்கில் அன்று கொடிகட்டிப் பறந்த பத்திரிகாசிரியர் என். பி. வில்லிஸ். புனைபெயருக்குப் பின்னால் இருப்பது யாரென்று வெளியே தெரிந்ததும், சொந்த அப்பாவையும் அண்ணனையும் இப்படிச் சந்தி சிரிக்கவைப்பவள் ஒரு பெண்ணா என்று விமர்சகர்கள் பாய்ந்தார்கள். ரூத்துக்கு மறுமணம் செய்துவைக்காத ஃபெர்ன், தான் மட்டும் 1856-இல் மூன்றாவது கல்யாணம் செய்துகொண்டார், தன் சம்பாத்தியம் தனக்கே என்று முன்கூட்டியே எழுதிவாங்கிக்கொண்டு. எனக்குப் பிடித்துப்போன தகவல் இது.

ஹாத்தார்ன் சமாச்சாரத்துக்கு வருகிறேன். புலம்பல் கடிதம் எழுதி இரண்டு வாரத்தில், அதே டிக்னருக்கு அவர் இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறார். 'ரூத் ஹால்' படித்தேன், ரசித்தேன், பேய் பிடித்தவள்போல எழுதியிருக்கிறாள், ஒரு பெண் எழுத உட்கார்ந்தால் அப்படித்தான் எழுதவேண்டும் என்கிற பாராட்டு. இந்த இரண்டாவது கடிதம் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. முதல் கடிதத்தை யாரோ ஒருவரின் கட்டுரையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்ட நான், மேற்கொண்டு தேடவில்லை. பாராட்டிலும் கொஞ்சம் மேட்டிமை வாடை அடிக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் மனிதர் படித்துவிட்டு மனசை மாற்றிக்கொண்டார். படிக்காதவனுக்கு மாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

'ரிப் வான் விங்கிள்' கதையையும் சொல்லியாகவேண்டும். வாஷிங்டன் இர்விங் 1819-இல் வெளியிட்டது. மனைவியின் வாய்க்குப் பயந்து மலையேறி இருபது வருடம் தூங்கிப்போகிறவன் கதை. ரிப் ஊர்க்காரர் எவர் கூப்பிட்டாலும் போய் உழைப்பான். அவன் நிலத்தில் வேலி சாய்ந்து கிடக்கும், மாடு தெருவில் திரியும், களை மண்டும். அப்பன் விட்டுப்போன நிலமும் சுருங்கிச் சோளமும் உருளைக்கிழங்கும் போடுகிற ஒரு துண்டாகிவிட்டது. இவ்வளவும் இர்விங்கே எழுதியிருக்கிறார். நான் இந்தப் பக்கங்களை ஓட்டமாக ஓட்டிவிட்டு, அவள் திட்டும் இடங்களைக் குரல் மாற்றி நடித்துக் காட்டுவேன். மற்ற ஆசிரியர்கள் எட்டிப்பார்க்கும் அளவுக்குக் கைதட்டல் வாங்கிய நடிப்பு அது. கதையில் நாய்க்குப் பெயர் இருக்கிறது, வுல்ஃப். மகள் ஜூடித், மகன் ரிப். பெண்டாட்டிக்கு மட்டும் பெயர் கிடையாது, வான் விங்கிள் வீட்டம்மா, அவ்வளவுதான். ஊர் ஊராய்ச் சாமான் விற்கும் வியாபாரி ஒருவனிடம் கத்தி, ரத்தக்குழாய் வெடித்துச் செத்தாள் என்று ஒரே வாக்கியத்தில் அவளை முடித்துவிடுகிறார். அந்த வாக்கியத்துக்கு என் வகுப்பில் சிரிப்பு நிச்சயம். எதிரே உட்கார்ந்திருந்த பெண்பிள்ளைகளும் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள், இன்டர்னல் மார்க் என் கையில்.

'ரூத் ஹால்' படித்த பிறகு திருந்திவிட்டேனா என்றால், கட்சி மாறினேன், அவ்வளவுதான். அதற்குள் காற்றும் திசை மாறியிருந்தது. நீனா பேம் போன்ற ஆய்வாளர்கள் மறந்துபோன நாவல்களையெல்லாம் தோண்டி எடுத்து எழுதி முடித்திருந்தார்கள், பாடத்திட்டத்தில் பெண்ணியத்துக்கென்று ஒரு அலகே வந்துவிட்டது. கரும்பலகையில் இப்போது வேறு நாலு வார்த்தை: ஆணாதிக்கம், ஒடுக்குமுறை, குரல், எதிர்ப்பு. எந்தக் கதையை எடுத்தாலும் இந்த நாலும் அகப்படும்படி நடத்தினேன்.

அதற்கு மிகவும் தோதாக இருந்தது மேரி வில்கின்ஸ் ஃப்ரீமன் 1890-இல் எழுதிய 'அம்மாவின் கலகம்' என்ற கதை. புது வீடு கட்டித் தருகிறேன் என்று நாற்பது வருடத்துக்கு முன் புருஷன் வாக்குக் கொடுத்த அதே இடத்தில், இன்னொரு மாட்டுக்கொட்டில் எழும்புகிறது. சேரா பென் எடுத்துச் சொல்லிப் பார்க்கிறாள், பதில் இல்லை. அவன் குதிரை வாங்க வெளியூர் போன நேரத்தில், அடுப்பு, கட்டில், பாத்திரம் பண்டமெல்லாம் தூக்கிக்கொண்டு புதுக் கொட்டிலுக்குக் குடிபோய்விடுகிறாள். புத்தி சொல்ல வந்த பாதிரியாரையும் திருப்பி அனுப்புகிறாள். எதிர்ப்பு என்று கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடிட்டேன்.

இதே கதையைப் பற்றி 1917-இல் ஃப்ரீமன் பத்திரிகையில் எழுதியது எனக்குத் தெரியும். அந்தக் கதை பொய், அப்படி ஒரு பெண் நியூ இங்கிலாந்தில் இருந்ததில்லை, வருமானம் தரும் மாடுகளுக்குத்தான் நல்ல கட்டடம் வேண்டும் என்பதில் பெண்களும் கணவன்மாரோடு ஒத்துப்போனார்கள் என்கிறார். அதை வகுப்பில் சொல்லவேயில்லை. சொன்னால் கதை இன்னும் சுவாரசியமாகும், என் நாலு வார்த்தை ஆட்டம் கண்டுவிடும். முன்பு தெரியாமல் தப்பாக நடத்தினேன், இதைத் தெரிந்தே மறைத்தேன். எதற்குக் கூடுதல் தண்டனை என்று கேட்டால் பின்னதற்கு என்பேன்.

சூசன் வார்னரின் 'வைட், வைட் வேர்ல்ட்' நாவலை இரண்டு முறை எடுத்துவிட்டேன். 1850-இல் வந்து சக்கைப்போடு போட்டது. பதிப்பாளர் புட்னமின் தாயார் கைப்பிரதியைப் படித்துவிட்டுப் போட்டே ஆகவேண்டும் என்று மகனிடம் சொன்னதால் வெளிவந்த புத்தகம். தொடக்கத்தில், மகளைப் பிரியப்போகும் தாய் தன் அம்மாவின் மோதிரத்தை விற்று அவளுக்கு பைபிளும் எழுதுபலகையும் வாங்கிக் கொடுக்கிற இடம் வரை நன்றாக ஓடுகிறது. அப்புறம் அந்தச் சிறுமி எல்லன் அழ ஆரம்பிக்கிறாள், எனக்குப் பொறுமை போய்விடுகிறது. பாதி தாண்டவில்லை. ஆனால் போன செமஸ்டரில் அதன் முக்கியத்துவத்தைப் பற்றி ஒரு வகுப்பு முழுக்கப் பேசினேன், முடிவு உட்பட. குறிப்பெடுத்துக்கொண்டார்கள், யாரும் கேள்வி கேட்கவில்லை.