ஐ.ஐ.டி. போகும் வழியில் ஓர் ஊர்

டில்லி - மும்பை ரயில் பாதையில், சம்பல் நதிக்கரையில் இருக்கிறது ராஜஸ்தானின் கோட்டா. ஒரு காலத்தில் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் தரைக்குப் போடும் கல்லும், கட்டம் போட்ட மெல்லிய சேலையும்தான் நினைவுக்கு வரும். இப்போது நினைவுக்கு வருவது ஒரு பரீட்சை.

தல்வண்டி, விஞ்ஞான் நகர் பகுதிகளில் தெருவுக்குத் தெரு விடுதிகள், மெஸ்கள், ஜெராக்ஸ் கடைகள். விளம்பரப் பலகைகளில் சினிமா நட்சத்திரங்களுக்குப் பதில் மாணவர்களின் முகங்கள். பக்கத்தில் அகில இந்திய ரேங்க்.

இதைத் தொடங்கி வைத்தவர் வி.கே. பன்சால். ஜே.கே. சிந்தெடிக்ஸ் ஆலையில் இன்ஜினியர். தசைச் சிதைவு நோய் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது. 1980களில் வீட்டிலேயே டியூஷன் எடுக்க ஆரம்பித்தார். மாணவர்கள் ஐ.ஐ.டி.க்குத் தேர்வானார்கள்; செய்தி பரவியது. 1997-ல் ஆலை மூடப்பட்ட பிறகு ஊருக்குச் சோறு போட்டது கோச்சிங் தொழில்தான். பன்சால் 2021-ல் காலமானார்.

சீட் கிடைக்க என்ன வேண்டும்? மூளை மட்டும் போதாது. பிளஸ் ஒன் வயதில் வீட்டை விட்டு வர வேண்டும். பலருக்குப் பள்ளியில் பெயர் மட்டும்தான் இருக்கும். நாள் முழுக்கக் கோச்சிங். அடிக்கடி டெஸ்ட். மார்க் குறைந்தால் கீழ் பேட்ச். அப்பா கடன் வாங்கி அனுப்பியிருந்தால் அந்த நினைப்பும் கூடவே உட்கார்ந்து படிக்கும்.

கணக்கு இரக்கமற்றது. 2024-ல் ஜே.இ.இ. மெயின் எழுதியவர்கள் சுமார் 14 லட்சம் பேர். அந்த ஆண்டு ஐ.ஐ.டி.களில் இருந்த இடங்கள் 17,740. அதாவது எண்பது பேருக்கு ஓர் இடம். எவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்தாலும் இடம் கூடாது, போட்டிதான் கூடும்.

தல்வண்டி ராதாகிருஷ்ணர் கோயில் சுவரில் மாணவர்கள் தங்கள் வேண்டுதல்களை எழுதி வைக்கிறார்கள். சுவர் நிரம்பினால் வெள்ளையடிக்கிறார்கள், மறுபடி எழுதுகிறார்கள்.

2023-ல் இங்கே இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். விடுதி மின்விசிறிகளில் ஸ்பிரிங் பொருத்தச் சொன்னது மாவட்ட நிர்வாகம். பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களைக் கோச்சிங்கில் சேர்க்கக் கூடாது என்று 2024 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

மின்விசிறியை மாற்றலாம். எண்பதுக்கு ஒன்று என்ற கணக்கை கோட்டாவால் மாற்ற முடியாது. ரயிலேற்றி விடும்போதே பெற்றோர் பிள்ளையிடம் சொல்லி அனுப்ப வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சீட் கிடைக்காமல் திரும்பி வந்தாலும் வீட்டுக் கதவு திறந்தேதான் இருக்கும்.