உயரக் கட்டம்

நான் பணியாற்றும் சிறிய மருத்துவமனையில் முன்பெல்லாம் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நோட்டு உண்டு. காய்ச்சல், இருமல், தடுப்பூசி என வந்த நாளின் குறிப்பை எழுதிப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். முந்தைய பக்கத்தைப் பார்க்க எவருக்கும் நேரமிருந்ததில்லை. மின்னணு மருத்துவப் பதிவேடு வந்தபோது, தட்டச்சு செய்வதிலேயே பொழுது போய்விடும் என்று முதலில் முணுமுணுத்தவள் நான்தான்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் 11 வயதுச் சிறுவன் ஒருவனை அவன் தாய் இருமலுக்காக அழைத்து வந்தார். புதிதாகப் பணியில் சேர்ந்த செவிலியர் எடையோடு உயரத்தையும் அளந்து பதிந்திருந்தார். எடை 49 கிலோ. உயரம் 140 செ.மீ. கிலோவில் கண்ட எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீட்டெண். கணினி தானே வகுத்து 25 என்று காட்டியது.

குழந்தைகளைப் பொறுத்தவரை இந்த எண் மட்டும் போதாது. வயதையும் பாலினத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறியீட்டெண் 18 உடைய பெரியவர் மெலிந்தவர். ஐந்து வயதுக் குழந்தைக்கோ அதே 18 மிகை எடை. இதற்காகவே இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம், 5 முதல் 18 வயது வரையினர்க்கான திருத்திய வளர்ச்சி வரைபடங்களை 2015இல் வெளியிட்டது. அவ்வரைபடத்தில் அவனுக்குரிய புள்ளி, உடற்பருமனைக் குறிக்கும் கோட்டுக்கு மேலே நின்றது.

அதற்கு முன்னால் ஒரு புள்ளிகூட இல்லை. என்னை அதிரவைத்தது அதுதான். மூன்று ஆண்டுகளில் பலமுறை வந்திருக்கிறான். மருந்தின் அளவைக் கணிப்பதற்காக எடை மட்டும் பதிவாகியிருந்தது: 28, 33, 41. உயரக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. உயரமின்றிக் கணினி எதனால் வகுக்கும்? ஒவ்வொரு குறிப்பின் கீழும் என் பெயர்.

மெல்லப் பேச்செடுத்தேன். "போன வருஷமே கேட்டேனே டாக்டரம்மா! வளர்ந்தா சரியாயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் தாய். என்னிடம் விடையில்லை. அதற்குள் சிறுவன் திரையில் சிவப்பாக ஒளிர்ந்த சொல்லைப் படித்துவிட்டான். சட்டையை முன்னே இழுத்துவிட்டுக்கொண்டான். திரையைத் திருப்பினேன். திருப்பியிருக்க வேண்டியது அவன் உள்ளே வருவதற்கு முன்.

இரத்த அழுத்தம் பார்த்தேன், இயல்பாகவே இருந்தது. பிறகு அவனிடமே கேட்டேன். பள்ளி விட்டதும் புட்டிக் குளிர்பானம், மாலையில் கைப்பேசி. விளையாடப் போனால் பட்டப்பெயர் சொல்லி அழைக்கிறார்களாம்; அதனால் போவதில்லை. இது எந்தக் கட்டத்திலும் பதிய முடியாத செய்தி. குறிப்புப் பகுதியில் எழுதிவைத்தேன்.

வளரும் பிள்ளை ஆதலால் பட்டினி வேண்டாம்; எடை நிற்க, உயரம் ஏறினால் கோடு தானே தாழும் என்றேன். நம்பாமல் பார்த்தான். கணிப்பானைக் கொடுத்தேன். 49ஐ 1.45இன் வர்க்கத்தால் வகுத்து, "இருபத்து மூணு புள்ளி மூணு" என்றான்.

உயரம் பதியாமல் அடுத்த பக்கம் திறக்காதவாறு மென்பொருளை மாற்றச் செய்தோம். செவிலியர்கள் சலித்துக்கொள்கிறார்கள், கூட்டம் மிகுந்த திங்கட்கிழமைகளில் நானும்தான். எட்டு மாதங்களுக்குப் பின் அவன் எடை 49.5, உயரம் 144. குளிர்பானம் நின்றுவிட்டது. விளையாட்டுத் திடலுக்கு மட்டும் இன்னும் போகவில்லை. எடைக்கருவியிலிருந்து இறங்கியவன் நேரே சுவரோரம் போய் நிமிர்ந்து நின்றான்.

"முதல்ல உயரத்தைப் போடுங்க டாக்டரம்மா."