ஏழிலைப்பாலையின் நிழல்

வீட்டுக்கு மூத்தவர் ஒருவர் நெடுநாள் வாழ்ந்து மறைந்தால், அவர் விட்டுச் சென்ற சொத்தைக் கணக்கிட ஓரிரு நாள் போதும். அவர் விட்டுச் சென்ற பழக்கங்களையும் பண்புகளையும் கணக்கிடப் பல தலைமுறை ஆகும். வங்காளத்துத் தாகூர் குடும்பத்தின் தலைவராக விளங்கிய தேவேந்திரநாத் அத்தகைய மூத்தவர். 1817ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் பிறந்த அவர், 1905ஆம் ஆண்டு சனவரி 19ஆம் நாள் தம் 87ஆம் வயதில் மறைந்தார். கவிஞர் இரவீந்திரநாத்தின் தந்தை என்று உலகம் அவரை அறியும். வங்காள மக்களோ ‘மகரிஷி’ என்று அழைத்தனர்.

அவர் பிறந்தது செல்வத்தின் மடியில். தந்தை துவாரகநாத் கப்பல், வங்கி, நிலக்கரி எனப் பல தொழில்களை நடத்திய பெருவணிகர். கொல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகையில் விருந்துக்கும் இசைக்கும் குறைவில்லை. அந்த ஆரவாரத்திடையே வளர்ந்த இளைஞரின் மனத்தை மாற்றியது பாட்டியின் மரணம். கங்கைக் கரையில் பாட்டி இறுதி மூச்சுக்குக் காத்திருந்தபோது, அருகே ஒரு பாயில் அமர்ந்திருந்த தேவேந்திரநாத்துக்குச் செல்வத்தின்மீது இருந்த பற்று திடீரென விலகியது. பின்னொரு நாள், ஏதோ நூலிலிருந்து கிழிந்த வடமொழி ஏடொன்று காற்றில் அவர்முன் பறந்து வந்தது. அது ஈசாவாசிய உபநிடதத்தின் ஒரு பக்கம். அதன் பொருளை அறிஞர் ஒருவரிடம் கேட்டறிந்தார். பிறர் பொருளை விழையாமை என்னும் கருத்து அதில் இருந்தது.

அக்கருத்து ஏட்டோடு நின்றதா என்பதைக் காலம் விரைவில் சோதித்தது. 1846ஆம் ஆண்டு துவாரகநாத் இலண்டனில் காலமானார். அடுத்த ஈராண்டுகளுக்குள் அவருடைய நிறுவனம் வீழ்ந்தது. ஒரு கோடி ரூபாய் அளவிலான கடன் மகனின் தோளில் ஏறியது. குடும்பச் சொத்தில் ஒரு பகுதியைத் துவாரகநாத் முன்பே அறக்கட்டளையாக எழுதி வைத்திருந்தார். கடன் கொடுத்தோர் அதைத் தொடச் சட்டத்தில் இடமில்லை. எனினும் தேவேந்திரநாத் அச்சொத்தையும் அவர்கள்முன் வைத்தார். வழக்குத் தொடுக்க எண்ணி வந்தவர்கள் நெகிழ்ந்து நின்றனர். வண்டிகளும் குதிரைகளும் விற்கப்பட்டன, பணியாளர் குறைக்கப்பட்டனர், உணவும் உடையும் எளிமையாயின. கடன் முழுவதும் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தீர்க்கப்பட்டது. தந்தை ஓர் அறப்பணிக்குத் தருவதாக வாக்களித்திருந்த ஓர் இலட்சம் ரூபாயையும் அவர் கடனாகவே கருதி, வட்டியோடு செலுத்தினார். வாய்ச்சொல்லும் கடனே என்பதை அவர் வீட்டுப் பிள்ளைகள் பாடமாகக் கற்கவில்லை, நடப்பாகக் கண்டனர்.

ஆயினும் அப்பிள்ளைகளுக்குத் தந்தை எப்போதும் அருகில் இருந்தவரல்லர். ஆண்டின் பெரும்பகுதியை அவர் இமயத்திலும் பிற ஊர்களிலும் கழித்தார். இளையவரான இரவீந்திரநாத் பணியாளர்களின் காவலில்தான் வளர்ந்தார். தந்தை வீடு திரும்பும் நாள்களில் மாளிகையே குரல் தாழ்த்திப் பேசும். அந்தத் தொலைவு குறைந்தது 1873ஆம் ஆண்டில். பூணூல் சடங்குக்காகத் தலை மழிக்கப்பட்டிருந்த பதினொரு வயதுச் சிறுவனைத் தந்தை தம்முடன் இமயத்திற்கு அழைத்துச் சென்றார். அச்சில மாதங்களின் நினைவு மகனின் உள்ளத்தில் வாழ்நாள் முழுவதும் நிலைத்தது.

தொடர்வண்டிப் பயணத்தில் ஒரு நிகழ்ச்சி. சிறுவனுக்கு அரைச்சீட்டு எடுக்கப்பட்டிருந்தது. வளர்ந்த தோற்றத்தைக் கண்டு ஐயுற்ற அலுவலர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து பார்த்தனர். இறுதியில் நிலைய அதிகாரியே வந்து, பையனுக்குப் பன்னிரண்டு வயது கடந்துவிட்டதல்லவா என்று வினவினார். இல்லை என்றார் தந்தை. அதிகாரி முழுக்கட்டணம் கேட்டார். தேவேந்திரநாத்தின் கண்கள் சினத்தால் ஒளிர்ந்தன. ஒரு சொல்லும் பேசாமல் பணத்தாளை எடுத்துக் கொடுத்தார். மீதிச் சில்லறை திரும்பி வந்தபோது அதை நடைமேடையில் வீசி எறிந்தார். சில காசுகளுக்காகத் தாம் பொய் சொல்லக்கூடும் என்று ஒருவர் எண்ணியதே அவரைப் புண்படுத்தியது. கோடிக் கடனுக்கு முன் தலைநிமிர்ந்து நின்றவருக்கு, அரைச்சீட்டும் அதே அளவு பெரிதாகவே இருந்தது.

பிறர் தம்மை நம்ப வேண்டும் என எதிர்பார்த்த அவர், தம் மகனை நம்பவும் தயங்கவில்லை. விலையுயர்ந்த தம் பொற்கடிகாரத்துக்கு நாள்தோறும் சாவி கொடுக்கும் பொறுப்பைச் சிறுவனிடம் ஒப்படைத்தார். ஆர்வ மிகுதியால் சிறுவன் முறுக்கிய முறுக்கில் கடிகாரம் பழுதாகிக் கொல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. கடிந்துரை ஏதும் எழவில்லை. சில்லறைக் காசுகளைக் கொடுத்துக் கணக்கு வைக்கச் சொன்னார். போல்பூரில் சிறுவன் பொறுக்கி வந்த கூழாங்கற்களைக் கண்டு நகைக்காமல், அங்கிருந்த மண்மேட்டை அவற்றால் அழகுசெய்யத் தூண்டினார். சிறுவன் ஓர் ஊற்றைக் கண்டறிந்து சொன்னபோது, தமக்கு வேண்டிய நீரை அங்கிருந்தே கொண்டுவரச் செய்தார். டல்ஹௌசி மலையின் பக்ரோட்டா முகட்டில் மகன் இரும்புமுனைக் கோலுடன் காடுகளில் தனியே திரிந்தான்; தந்தை தடுக்கவில்லை. கட்டுப்பாடும் இல்லாமலில்லை. விடியுமுன் எழுப்பி வடமொழி இலக்கணம் கற்பித்தார். பனிக்குளிரிலும் தண்ணீரில் நீராடச் செய்தார். இரவில் விண்மீன்களைக் காட்டி வானியல் விளக்கினார்.

இத்தகைய பெருமகனாரும் தம் காலத்தின் வேலிகள் அனைத்தையும் கடந்தவரல்லர். உருவ வழிபாட்டைத் துறந்த அவருடைய இல்லத்திலேயே இளவயதுத் திருமணங்கள் தொடர்ந்தன. 1883ஆம் ஆண்டில் இரவீந்திரநாத் மணந்த பெண் பத்து வயதை ஒட்டிய சிறுமி. மூத்தோரைப் போற்றுவோர் இதனையும் மறவாது நினைத்தல் வேண்டும். குறையை மறைத்துப் போற்றுவது அவர் காத்த வாய்மைக்கே மாறாகும்.

அவர் தந்த உரிமையில் மக்கள் வெவ்வேறு திசைகளில் வளர்ந்தனர். துவிஜேந்திரநாத் தத்துவ அறிஞரானார். சத்யேந்திரநாத் இந்தியக் குடிமைப் பணியில் சேர்ந்த முதல் இந்தியரானார். ஜோதிரீந்திரநாத் நாடகத்திலும் இசையிலும் சிறந்தார். சுவர்ணகுமாரி தேவி புதினங்கள் எழுதி, இதழாசிரியராகவும் விளங்கினார். இளைய மகன் இயற்றிய பாடல்களை முதுமையில் ஒருநாள் அழைத்துப் பாடச் சொல்லிக் கேட்ட தந்தை, ஐந்நூறு ரூபாய்க்குக் காசோலை வழங்கினார். நாட்டை ஆள்வோர்க்கு இம்மொழி தெரிந்திருந்தால் அவர்களே பரிசளித்திருப்பர். அவர்க்குத் தெரியாமையால் அக்கடமை தமக்காயிற்று என்பது அவர் கூறிய காரணம். பார்வை மங்கிய பின்னும் மாதந்தோறும் மகன் படிக்கும் குடும்பக் கணக்கை மனத்திலேயே நிறுத்திப் பிழை கண்டு சொல்வார்.

1863ஆம் ஆண்டில் போல்பூர் அருகே வறண்ட வெளியில் இரண்டு ஏழிலைப்பாலை மரங்களைக் கண்டு, அந்நிழலை விரும்பி அவர் நிலம் பெற்றார். அங்கு எழுப்பிய இல்லத்துக்குச் சாந்திநிகேதன் என்று பெயரிட்டார். 1901ஆம் ஆண்டில் மகன் அங்குப் பள்ளி தொடங்கியபோது தந்தை உயிருடன் இருந்தார். சுவர்களுக்குள் அடைக்காமல் மரநிழலில் மாணவரை அமர்த்திய அப்பள்ளி, 1921இல் விசுவபாரதியாக வளர்ந்தது. ஒரு சிறுவனைக் காட்டில் தனியே நடக்க விட்ட தந்தையின் நம்பிக்கை, பல்லாயிரம் மாணவர்க்கு உரிய கல்வி முறையாக அங்கே மலர்ந்தது.