மண்ணூரில் மூன்று கால அட்டவணைகள்

தேர்வுக்காலம் நெருங்கினால் நாளிதழ் இணைப்பேடுகளிலும் பள்ளிச் சுவர்களிலும் ஓர் அட்டவணை தோன்றிவிடும். விடியற்காலை நான்கு மணிக்கு எழ வேண்டும். ஐந்து முதல் ஏழு வரை கணக்கு. மாலை ஆறு முதல் ஒன்பது வரை அறிவியல். அமைதியான தனியறை, நல்ல வெளிச்சம், தொலைக்காட்சி கூடாது. இந்த அறிவுரைகளில் பிழையென்று சுட்ட ஒன்றுமில்லை. ஆனால் இவை ஒரு குறிப்பிட்ட வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்த வீட்டில் மாணவனுக்கென்று ஓர் அறை உண்டு. எல்லோரும் இரவில் உறங்கிக் காலையில் எழுவார்கள். இந்த வாரத்தைப் போலவே அடுத்த வாரமும் இருக்கும். ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில், மண்ணூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நாங்கள் அறிந்த வீடுகளில், இந்த மூன்றும் ஒருசேர அமைந்தவை மிகச் சிலவே.

நாங்கள் நான்கைந்து நண்பர்கள். நாவல்களையும் சிற்றிதழ்களையும் படித்துப் பேசுவதற்காகக் கூடத் தொடங்கியவர்கள். எங்களில் இருவர் தொழிற்சாலை ஊழியர், ஒருவர் ஆசிரியர். பேச்சைக் கேட்க வந்து உட்கார்ந்த பிள்ளைகள் மெல்லப் பாடப்புத்தகங்களையும் கொண்டுவரவே, சில ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மேல்நிலை வகுப்பு மாணவர்களோடு அமர்ந்து வருகிறோம். படிப்பையும் நேரத்தையும் பற்றி அங்கே எங்களுக்குப் புலப்பட்டவற்றைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த வட்டாரத்தின் நேரம் மாறிய கதை அண்மைக்காலத்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கியது 1998-இல். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் கைப்பேசி செய்யத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-இலும், டைம்லர் 2012-இலும், ராயல் என்ஃபீல்டு 2013-இலும் இயங்கத் தொடங்கின. ஏரிப்பாசனத்தை நம்பியிருந்த ஊர்களில் ஒருகாலத்தில் மடை திறப்பதும் நாற்று நடுவதும் நாளைத் தீர்மானித்தன. இன்று தீர்மானிப்பது கம்பெனி பஸ். ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்ப்சன் 1967-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், வேலையால் அளக்கப்பட்ட நேரம் இங்கிலாந்தில் எவ்வாறு கடிகாரத்தால் அளக்கப்படும் நேரமாக மாறியது என்று விவரித்தார். அங்கே சில நூற்றாண்டுகளில் நடந்தது இங்கே ஒரு தலைமுறைக்குள் நடந்திருக்கிறது.

கடிகாரமாவது ஒழுங்காக ஓடினால் தாழ்வில்லை. ஷிப்ட் வேலையில் அதுவும் இல்லை. காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் இரவு பத்து, பத்து முதல் காலை ஆறு என்று சுழலும் முறையில், ஒரு வாரம் தந்தை பகலில் உறங்குகிறார். மறுவாரம் நள்ளிரவை ஒட்டி வந்து சாப்பிடுகிறார். அதற்கடுத்த வாரம் விடியுமுன்பே கிளம்பிவிடுகிறார். வீடு ஓர் அறையும் சமையலறையும். அவர் பகலில் உறங்கும்போது பிள்ளை வாய்விட்டுப் படிக்க முடியாது. அவர் இரவில் வந்து விளக்கைப் போடும்போது பிள்ளை உறங்க முடியாது. தாயும் கேண்டீனிலோ பேக்கிங் பிரிவிலோ ஒப்பந்த வேலைக்குப் போகிறவரென்றால், தண்ணீர் பிடிப்பதும் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் மூத்த பெண்ணின் பொறுப்பு.

பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் ஒரு வாரத்துக்குத் தன் நேரம் எங்கே போகிறது என்று குறித்துவரச் சொன்னோம். அவள் கொண்டுவந்த தாளில் ஒரு மணி நேரம் தொடர்ச்சியாக அவளுக்கென்று இருந்த பொழுது ஒரு நாளில்கூட இல்லை. இருபது நிமிடம், பதினைந்து நிமிடம், பேருந்தில் அரைமணி, சோறு வேகும்போது பத்து நிமிடம் என்று துண்டுகளாகவே இருந்தன. "எனக்கு டைம் மேனேஜ்மென்ட் வரல சார்" என்று அந்தத் தாளை நீட்டியபோது சொன்னாள். யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அது. தாளைப் பார்த்த எங்களுக்கு வேறொன்று தோன்றியது. நிர்வகிப்பதற்கு நேரம் முதலில் கையில் இருக்க வேண்டும்.

அப்படியானால் துண்டு நேரத்தில் படிக்கும் படிப்பு தரம் குறைந்ததா? இந்தக் கேள்விக்கு உளவியலில் தெளிவான விடை இருக்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் 1885-இல் நினைவாற்றலைப் பற்றிய நூலை வெளியிட்டார். பொருளற்ற அசைகளைத் தானே மனனம் செய்து, எவ்வளவு மறந்துபோகிறது என்று தானே அளந்த விடாமுயற்சிக்காரர். மறதி முதல் சில மணி நேரங்களில்தான் மிக வேகமாக நிகழ்கிறது என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. மற்றொன்று நமக்கு இன்னும் முக்கியமானது. பன்னிரண்டு அசைகள் கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 முறை படித்ததனால் கிடைத்த பயன், மூன்று நாட்களில் பிரித்து 38 முறை படித்தபோதே கிடைத்துவிட்டது. பிரித்துப் படிப்பது ஏழைக்கு விதிக்கப்பட்ட குறைப்படிப்பு அன்று. அதுவே சிக்கனமான படிப்பு.

ஆனால் அந்தத் துண்டு நேரத்தில் என்ன செய்கிறோம் என்பது முக்கியம். எங்கள் மாணவர்கள் பெரும்பாலும் செய்வது, நோட்ஸைத் திறந்து மறுபடி மறுபடி படிப்பது, அடிக்கோடிடுவது. மூன்றாம் முறை படிக்கும்போது வரிகள் தாமாக ஓடும். அந்த ஓட்டத்தைத்தான் "தெரிந்துவிட்டது" என்று மனம் எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் ரோடிகரும் கார்பிகியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. சிறு உரைநடைப் பகுதி ஒன்றை ஒரு சாரார் இருமுறை படித்தார்கள். மற்றொரு சாரார் ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தைப் பாராமல் நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்தவர்களே முந்தினார்கள்: 81 சதவீதம், எதிரே 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது. இருமுறை படித்தவர்களிடம் எஞ்சியது 42 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களிடம் 56. நாளைக் காலைத் தேர்வுக்கு இன்றிரவு படிப்பவனுக்கு முதல் வழி கைகொடுக்கலாம். மார்ச் மாதப் பொதுத்தேர்வுக்கு ஆகஸ்டில் படிப்பவனுக்கு இரண்டாம் வழியே துணை.

இவ்வளவையும் படித்தபோது எங்களுள் ஆசிரியராக இருப்பவர் நன்னூலை நினைவூட்டினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய இலக்கண நூல். அதன் பொதுப்பாயிரத்தில் மாணாக்கன் பாடம் கொள்ளும் முறை விரிவாகவே சொல்லப்படுகிறது. கேட்டதைத் திரும்ப நினைத்துப் பார்க்க வேண்டும். தன்னையொத்தவர்களோடு பழகிக் கேள்வி எழுப்பவும் விடை சொல்லவும் வேண்டும். இரண்டாம் முறை கேட்டால் பிழை அகலும். மூன்றாம் முறை கேட்டால் முறையாக எடுத்துச் சொல்ல வரும். அதன்பின் பவணந்தியார் ஒரு கணக்குப் போடுகிறார். ஆசிரியரிடமிருந்து எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் புலமையில் கால்பங்குதான் வரும். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால். மீதி அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வரும். ஆய்வகமும் சதவீதமும் இல்லாத காலத்தில், மாணாக்கர்களைக் கண்ணெதிரே பார்த்திருந்த மரபின் கணக்கு இது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசரைப் பற்றிய குருபரம்பரைக் கதையும் உடன் நினைவுக்கு வருகிறது. திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற பொருளை அவர் கோபுரத்தின் மேலேறி ஊருக்கே சொன்னாராம். அக்கதையின் நோக்கம் வேறுதான். எங்கள் மாணவர்களுக்கு அதைச் சொல்லும்போது, நன்னூலின் அரைப்பங்கையும் சேர்த்தே சொல்கிறோம்.

இவற்றைக் கொண்டு நாங்கள் செய்துவரும் ஏற்பாடு மிக எளியது. ஒவ்வொரு மாணவரும் ஓர் அட்டவணைக்குப் பதிலாக மூன்று அட்டவணைகளை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்கிறார். தந்தை எந்த ஷிப்டோ அந்த வாரத்துக்கு அந்தத் தாள். இரவு ஷிப்ட் வாரத்தில் மாலைப்பொழுது சத்தமில்லாமல் எழுதிப்பார்ப்பதற்கு. தந்தை பஸ் ஏறிய பின் வாய்விட்டுப் படிப்பதற்கு. இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் நான்கு மணிக்கு எழுவது கிடையாது. பதினொரு மணிக்குமேல் உறங்கும் பிள்ளையை நான்கு மணிக்கு எழுப்புவது படித்ததையும் சேர்த்துக் கெடுப்பதாகும். நாளெல்லாம் கற்றது நினைவில் ஊன்றுவதில் உறக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

துண்டு நேரத்துக்கு ஒரு வேலை என்பது அடுத்தது. "இயற்பியல் படிக்க வேண்டும்" என்று எழுதினால் இருபது நிமிடமும் எதைப் படிப்பது என்று புரட்டுவதிலேயே போய்விடும். "மின்தூண்டல் பற்றிய லென்ஸ் விதியைப் பார்க்காமல் எழுதி, ஒரு படம் வரைய வேண்டும்" என்று எழுதினால் இருபது நிமிடம் போதும். எழுதிய பிறகே புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்க்க வேண்டும். அதே கேள்வி மறுநாள் ஒருமுறை, மூன்று நான்கு நாள் கழித்து ஒருமுறை, பிறகு இரண்டு வாரம் கழித்து ஒருமுறை வரும். பேருந்துப் பயணத்தில் புத்தகமே தேவையில்லை; நேற்றைய பாடத்தின் தலைப்புகளை மனத்துக்குள் வரிசைப்படுத்தினால் போதும். கணக்கில் ஒரே வகைக் கணக்குகளை அடுக்கடுக்காகப் போடாமல் வெவ்வேறு பாடங்களிலிருந்து கலந்து போடச் சொல்கிறோம். எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று தேர்வு செய்வதுதானே தேர்வறையில் முதல் வேலை.

அரைப்பங்குக்கு ஆள் வேண்டுமே? அது எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. தாளில் நேரம் குறித்துவந்த அந்த மாணவியின் தந்தை பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிடும்போது அன்றைய பாடத்தில் ஒன்றை அவள் அவருக்குச் சொல்கிறாள். மின்மோட்டாரைப் பற்றி அவள் சொன்னபோது, தம் லைனில் ஓடும் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்டிருக்கிறார். புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. மறு ஞாயிறு அந்தக் கேள்வியோடுதான் வந்தாள்.

இந்த ஏற்பாட்டுக்கு எங்களுக்குள்ளேயே ஒரு மறுப்பு எழுந்தது. தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நண்பர் சொன்னார்: "எங்க சூப்பர்வைசர் நொடிக்கணக்குல எங்களை அளக்குறார். நாம பிள்ளைங்களை நிமிஷக்கணக்குல அளக்குறோம். நாளைக்கு லைனில் நிக்கிறதுக்கு இப்பவே பழக்குறோமா?" தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வியன்று. பள்ளியே கடிகாரத்துக்குப் பிள்ளைகளைப் பழக்கும் இடமாகப் பயன்பட்டது என்பதையும் தாம்ப்சன் எழுதியிருக்கிறார். எங்களுக்குத் தோன்றும் விடை ஒன்றுதான். லைனில் நேரத்தை அளப்பவர் வேறு, உழைப்பவர் வேறு. இங்கே தாளை எழுதுபவளும் அதை மாற்றுபவளும் அவளே. அந்த உரிமை அவளிடம் இருக்கும்வரை அது அவளுடைய நேரம். எனினும் நண்பரின் கேள்வியை மதித்து, ஞாயிறு அமர்வின் கடைசி ஒரு மணி நேரத்தை அட்டவணைக்கு வெளியே வைத்திருக்கிறோம். அப்போது யாரும் எதையும் ஒப்பிக்க வேண்டாம்; கதைப்புத்தகம் படிக்கலாம், சும்மாவும் இருக்கலாம். ஒரு நாவலுக்குள் நுழைய இருபது நிமிடத் துண்டுகள் போதா.

இத்தனைக்குப் பிறகும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழக்கங்களால் ஈடுசெய்ய முடியாத குறை ஒன்று உண்டு, அது இடம். உட்கார்ந்து படிக்க ஒரு மேசை, ஒரு விளக்கு, பேச்சில்லாத நான்கு சுவர்கள். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-இல் வந்தது. அதற்குப் பின்னே நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் 1931-இல் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, படிக்க வருபவரின் நேரம் வீணாகக்கூடாது என்பது. சொத்துவரியோடு நூலக வரியும் இந்த மாநிலத்தில் வசூலிக்கப்படுகிறது. இவ்வளவு ஆலைகளும் குடியிருப்புகளும் பெருகிய ஒரு வட்டாரத்தில், ஊருக்கு ஒரு படிப்பறை, அதுவும் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படாமல் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் படிப்பறை கேட்பது பேராசையாகாது. ஆலைகள் மூன்று ஷிப்ட் ஓடும் ஊரில் படிப்பறை ஒன்றரை ஷிப்டாவது ஓடலாம்.

அதுவரை சுவரில் மூன்று தாள்கள் இருக்கும். இந்த வாரம் முதல் ஷிப்ட்.