போலந்துக் குடிபெயர்ந்தோரும் அவர்தம் பிள்ளைகளும்: தொழில்நிலை பற்றிய ஒரு நோக்கு

குடிபெயர்ந்தோரின் நிலையை ஆராய முற்படுவோர் முதலில் நாடுவது வேலைவாய்ப்பு வீதத்தையே. எத்தனை பேர் வேலையில் உள்ளனர் என்பதை அது கூறும். எதற்குத் தகுதியுடையோர் எவ்வேலையில் அமர்ந்துள்ளனர் என்பதைக் கூறாது. போலந்து மக்களின் அனுபவம் இவ்வேறுபாட்டை நன்கு புலப்படுத்துகின்றது.

முதலாம் உலகப் போரில் ஆட்பலத்தைப் பெரிதும் இழந்த பிரான்சு, 1919இல் போலந்துடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் வழியே போலந்துக் குடியானவர் பலர் வடபிரான்சின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றனர். 1931இல் அந்நாட்டில் வாழ்ந்த போலந்தினர் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோராவர். பொருளாதார மந்தம் வந்ததும், வேலையிழந்தோர் பலர் குடும்பத்துடன் புகையிரதங்களில் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். வேலையற்றோர் தொகையைக் குறைத்துக் காட்டுவதற்கு இதனினும் எளிய வழி வேறில்லை!

சிறுவயதிலேயே அச்சுரங்கங்களுள் இறங்கிய எட்வார்ட் கியெரெக், வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டமைக்காக 1934இல் நாடுகடத்தப்பட்டார். அவரே 1970இல் போலந்தின் ஆளுங்கட்சிக்கு முதற் செயலாளரானார். பிரான்சிலேயே தங்கிவிட்ட குடும்பமொன்றில் 1931இல் பிறந்தவர் ரேமொன் கோப்பா. அவரும் பதினான்காம் வயதில் சுரங்கத்துள் இறங்கினார். விபத்தொன்றில் அவரது கை ஊனமுற்றது. 1958இல் ஐரோப்பாவின் தலைசிறந்த உதைபந்தாட்ட வீரருக்குரிய தங்கப்பந்து விருது அவரை அடைந்தது. அவரைச் சுரங்கத்திலிருந்து மீட்டது பாடசாலையன்று, பந்தே என்பது மனங்கொள்ளத்தக்கது. பந்தாடத் தெரியாத அவரது தோழர் நிலக்கரியுடனேயே நின்றனர்.

2004ஆம் ஆண்டு மே 1ஆம் திகதி போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தபோது பிரித்தானியா, அயர்லாந்து, சுவீடன் ஆகியன தம் தொழிற்சந்தையை உடனே திறந்துவிட்டன. ஜேர்மனியோ 2011 வரை கதவடைத்தது. ஆகவே அங்கு சென்றோரிற் பலர் பருவகாலக் கூலிகளாகவோ, சுயதொழில் செய்வோராகப் பதிந்துகொண்டோ, முதியோரைப் பராமரிக்கும் வீட்டுப் பணியாளராகவோ காலங்கழித்தனர். மக்கள் ஒரே மக்கள், சட்டமே வேறு.

குடிசன மதிப்பின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் 2001இல் ஏறத்தாழ 58,000 ஆக இருந்த போலந்திற் பிறந்தோர் தொகை, 2011இல் 579,000 ஆக உயர்ந்தது. அவர்களின் வேலைவாய்ப்பு வீதம் உயர்ந்தே காணப்பட்டது. ஆயினும் பட்டம் பெற்றோர் பலர் பண்டசாலைகளிற் பொதிகட்டினர். விடுதிகளிற் படுக்கை விரித்தனர். இதனை வெற்றி எனக் கொள்வது அரைக்கணக்கே.

இவ்வலையில் வந்தோருக்குப் பிரித்தானியாவிற் பிறந்த பிள்ளைகளுள் மூத்தோர் இப்பொழுதுதான் தொழிலுலகினுள் நுழைகின்றனர். அவர்களது உயர்வை அளக்கப் புகுவோர், தாய் பொதிகட்டியவள் என்று மட்டும் குறித்துக்கொள்ளாது, அவள் போலந்தில் எத்துறையிற் பட்டம் பெற்றாள் என்பதையும் கேட்டெழுத வேண்டும்.