சாம்பல் நீலம்

வீட்டுச் சுவருக்கு நிறந்தெரிதல் அற்ப விடயம் எனக் கருதுவோர் பலர். கந்தளாயிலே அஃது அவ்வாறன்று. தமக்கையின் திருமணத்தை முன்னிட்டு, சாம்பல் கலந்த மென்னீலத்தை முன்னறைக்குப் பூசுவதென அப்பா தீர்மானித்தார். அம்மம்மா உடனே மறுத்துவிட்டார்: "தண்ணி நிறம் வீட்டுக்குள்ள வேண்டாம்."

1986 ஏப்ரல் 20 ஆம் திகதி அதிகாலையிற் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்தது. இரண்டாம் அக்கபோதி மன்னனோடு வரலாற்றாசிரியர் சிலரும், குளக்கோட்டனோடு திருகோணமலைத் தமிழ் மரபும் தொடர்புபடுத்தும் அப்பெருங்குளம், உறங்கிக்கிடந்த குடியிருப்புகள்மீது பாய்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் அம்மம்மாவின் தங்கையும் ஒருவர். கல்வீடாதலால் எங்கள் வீடு தப்பி நின்றது. ஆயினும் யன்னலின் கீழ்ச்சட்டத்துக்குச் சற்று மேலே, சேற்றுநீர் நின்ற கோடு சுவரில் எஞ்சியது. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அது மங்கலாக வெளிவரும்.

உடைத்துக்கொண்டு வந்த நீர் மண்ணிறமாகத்தானே இருந்திருக்கும் என நான் வாதிட்டேன். "ராத்திரி வந்தது சேறு. பிறகு வயலுக்குள்ள நாள்க்கணக்கா நிண்டது இந்த நிறந்தான்" என்றார். தேங்கித் தெளிந்த நீருக்கு வானமே நிறமளிக்கிறது. அவர் சொன்னதில் மறுப்பதற்கு ஏதுமில்லை.

கடையில் விற்கும் தீந்தை வேண்டுமா, சுண்ணாம்பு வேண்டுமா என்பது அடுத்த வழக்கு. எங்கள் சுவர்கள் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சுபவை. பிளாஸ்டிக் தீந்தை அவ்வீரத்தை உள்ளே அடைத்துவிட, அது கொப்புளித்து உரியும். சுண்ணாம்போ ஈரத்தை வெளியேவிடும். காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று மீண்டும் கல்லாக இறுகும். இதில் நான் மேசனின் கட்சி. துணிக்கிடும் நீலத்தைச் சுண்ணாம்பிற் கலப்பது நம்மவரின் பழைய வழக்கம். அந்நீலத்தின் மூலப்பொருள் ஒருகாலத்தில் ஆப்கானிஸ்தானத்து மலைக்கல்லிலிருந்து மட்டுமே கிடைத்து, பொன்னுக்கு நிகராக விலைபோனது. பிரான்சில் கிமே என்பவர் 1820களில் அதைச் செயற்கையாக ஆக்கியபின்னரே ஏழைவீட்டு வாளிக்குள் வந்தது. சுண்ணாம்பின் காரத்தை அது தாங்கும். பிரசிய நீலம் தாங்காது, நிறமிழந்துவிடும்.

ஆனால் நீலம் மட்டும் கலந்தால் சுவர் கண்ணை உறுத்துகிறது. அதனை அடக்குவது விளக்குக்கரி. கரி எண்ணெய்ப்பசையுடையது, நீரில் மிதக்குமேயன்றிக் கரையாது. முதலில் அதைச் சாராயத்திற் குழைக்கவேண்டும் என்றார் மேசன். வாங்கிவந்த சாராயத்தில் எவ்வளவு கரிக்குப் போயிற்று என்பதை ஆராயாதிருப்பதே நாகரிகம். ஈரத்தில் இருண்டு தோன்றும் கலவை, காய்ந்ததும் வெகுவாக வெளுத்துவிடும். ஆகையால் கிணற்றடிச் சுவரில் நான்கு திட்டுகள் பூசி, இரண்டு நாள் காத்திருந்தோம். மூன்றாவது திட்டு மாடப்புறாவின் முதுகை ஒத்திருந்தது.

அம்மம்மா அதை வந்து பார்த்தார். தொட்டும் பார்த்தார். முன்னறைக்கு அதைப் பூசலாம், தமது அறை வெள்ளையாகவே இருக்கட்டும் என்றார். கோட்டை என்ன செய்வது என்று அப்பா தயங்கிக் கேட்டார்.

"அதுக்கு மேலாலயும் அடியுங்கோ. வரவேண்டியது வரும்."

திருமணத்தன்று சுவர் ஒரே நிறமாயிருந்தது. மாரி தொடங்கியபின், யன்னலுக்குச் சற்று மேலே, புறா நிறத்தினூடே அது மெல்லத் தெரியத்தொடங்கியுள்ளது. சம்பந்தி வீட்டார் கசிவென்று நினைத்து, கூரையைப் பார்க்கச் சொன்னார்கள்.