முதலில் விழப் பழகணும்!

கனடாவில் குளிர்காலம் வந்துவிட்டால் பல பள்ளிகளிலிருந்து வீட்டுக்கு ஒரு துண்டுக் காகிதம் வரும். பிள்ளைகளை ஐஸ் ஸ்கேட்டிங் அழைத்துப் போகிறோம், ஹெல்மெட்டும் கையுறையும் கொடுத்து அனுப்புங்கள் என்று அதில் இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ டொரான்டோவுக்குக் குடிபோன பெற்றோருக்கு, அதில் கையெழுத்துப் போடவே கை தயங்கும். ஃப்ரிட்ஜுக்குள் மட்டுமே ஐஸைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். பிள்ளையோ கத்தி மாதிரித் தகட்டைக் காலில் கட்டிக்கொண்டு அதன்மேல் ஓடப் போகிறது! 'விழுந்துட்டா என்ன பண்றது?' என்பதுதான் முதல் கேள்வி.

விழத்தான் செய்யும். முதல் வகுப்பில் கற்றுத் தருவதே அதைத்தான். விழப்போவது தெரிந்தால் முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் சாய வேண்டும். பின்பக்கமாகச் சாய்ந்தால் தலையில் அடிபடும். விழுந்ததும் விரல்களை மடக்கிக்கொள்ள வேண்டும். அடுத்து வருபவரின் தகடு விரலில் ஏறிவிடக் கூடாது. பிறகு நாலு காலில் தவழ்வதுபோல் இருந்து, ஒரு காலை ஊன்றி எழ வேண்டும். இதைப் பாடமாகச் சொன்னால் எந்தக் குழந்தை கேட்கும்? 'யார் முதலில் விழுந்து எழுவது?' என்று போட்டி வைத்தால், சிரித்துக்கொண்டே பத்துத் தடவை விழுவார்கள்.

மற்ற விளையாட்டுகளுக்குள்ளும் இப்படி ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. 'பச்சை விளக்கு' என்றதும் சறுக்கிப் போக வேண்டும். 'சிவப்பு விளக்கு' என்றதும் நிற்க வேண்டும். கால் விரல்களை உள்பக்கம் திருப்பி, குதிகால்களை வெளியே தள்ளி நிற்கும் வித்தை இதில் தானாகப் படிந்துவிடும். ஓடுவதைவிட நிற்பதுதான் ஐஸில் கஷ்டம்.

சின்னச் சின்னத் துணிப் பொம்மைகளைத் தரையில் பரப்பி, குனிந்து பொறுக்கச் சொல்வது இன்னொரு விளையாட்டு. பொம்மைக்காகக் குனியும் பிள்ளைக்கு, முழங்காலை மடக்கினால் உடம்பு தள்ளாடாது என்பது புரிந்துவிடும். ஒற்றைக்காலில் கொக்குபோல் எவ்வளவு தூரம் சறுக்க முடியும் என்று பார்ப்பது, ஏறக்குறைய நம்மூர் நொண்டிதான். கொஞ்சம் தேறிய பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். அதில் திரும்பவும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும், அடுத்தவர் மேல் மோதாமல் விலகவும் கற்றுக்கொள்கிறார்கள்.

பெரியவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஸ்கேட்ஸ் காலோடு ஒட்டி இருக்க வேண்டும். வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் கணுக்கால் மடங்கும். சாக்ஸ் ஒரு ஜோடி போதும். ஹாக்கி ஹெல்மெட் அவசியம். ஏரி, குளம் உறைந்திருந்தாலும், பாதுகாப்பு என்று உறுதியாகத் தெரியாமல் கால் வைக்கக் கூடாது.

இதற்குப் பிறகுதான் ஒரு வேடிக்கை நடக்கும். ரிங்க்கின் ஓரத்தில், கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு அம்மாக்களும் அப்பாக்களும் நிற்பார்கள். ஏழு வயது வாண்டு வந்து கையை நீட்டும். "கீழ பார்க்காதேங்கோ அம்மா, முழங்காலை மடக்குங்கோ!" அடுப்புப் பக்கம் போகாதே, மாடிப்படியில் ஓடாதே என்று காலமெல்லாம் எச்சரித்த அம்மாவுக்கு, பிள்ளை தைரியம் சொல்லும் இடம் அது. ஊரை விட்டு வந்த பெற்றோருக்குப் புது நாட்டில் பிள்ளைகளே பல விஷயங்களில் வழிகாட்டி. அந்தக் கையைப் பிடித்து நாலு அடி வைத்துவிட்டால், இருவருக்குமே அது மறக்காது.

ஆனால், அந்த ஐஸ் எப்போதும் இருக்குமா? தலைநகர் ஒட்டாவாவில் ரிடோ கால்வாய் உறைந்ததும், 7.8 கிலோமீட்டருக்கு மக்கள் ஸ்கேட்டிங் போவார்கள். 1970-71 குளிர்காலத்தில் தொடங்கிய வழக்கம் இது. ஐஸ் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் கெட்டியானால்தான் திறப்பார்கள். 2022-23 குளிர்காலத்தில் போதிய குளிர் இல்லாமல், முதன்முறையாக ஒருநாள்கூடத் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு திறந்தும், சில நாட்களே தாக்குப்பிடித்தது. அதற்கடுத்த ஆண்டு நிலைமை நன்றாக இருந்தது. அதாவது, இனி குளிர்காலத்தை நம்பிக் காத்திருக்க முடியாது.

நகரங்களில் குழாய்கள் வழியே குளிரூட்டி ஐஸை உறைய வைக்கும் தளங்கள் இருக்கின்றன. டொரான்டோ நகர மண்டபத்தின் முன்னால் இருப்பதும் அப்படி ஒன்றுதான். அங்கே ஒரு சனிக்கிழமை போதும். அடுத்த முறை அந்தத் துண்டுக் காகிதம் வரும்போது, பிள்ளையின் ஸ்கேட்ஸ் சைஸைப் பார்க்கும் கையோடு, அம்மாக்களும் அப்பாக்களும் தங்கள் சைஸையும் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.